முன் பிரேக்கின் மேல் ஏன் இத்தனை பயம்?

சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு 100 சிசி பைக் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போகும் ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நிற்கிறது. பைக் ஓட்டுபவரின் வலது கால் தன்னால் பின் பிரேக்கை மிதிக்கிறது. முன் பிரேக் லீவர் மேல் இருக்கும் விரல்களோ தயங்குகின்றன. 'முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடித்துவிடும்' என்று சைக்கிள் பழகிய காலத்தில் காதில் விழுந்த எச்சரிக்கை அந்த விரல்களைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தயக்கத்தின் விலை சுமார் 30 மீட்டர்!

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். வீட்டு வாசலில் இருக்கும் வண்டி பிரேக் பிடித்தால் எப்படி நிற்கிறது என்ற அறிவியல் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

எடை இடம் மாறுகிறது

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ என்று கொள்வோம். வண்டி நிற்கும்போது இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஆளுக்கு 90 கிலோவைச் சுமக்கின்றன. பிரேக் பிடித்ததும் இந்தப் பங்கீடு மாறிவிடுகிறது. டயரைப் பின்னோக்கி இழுக்கும் உராய்வு விசை தரைமட்டத்தில் செயல்படுகிறது. ஆனால் மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில், பெட்ரோல் டேங்குக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கீழே பிடித்து இழுக்க, மேலே உள்ள எடை முன்னோக்கிப் போகவே பார்க்கும். அதனால் வண்டி முழுவதும் முன்பக்கமாகச் சாயத் தலைப்படுகிறது. முன் ஃபோர்க் அமுங்குவதும், ஓட்டுபவரின் உடம்பு டேங்கை நோக்கிச் சரிவதும் இதனால்தான்.

உலர்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரோடு, இரண்டு பிரேக்குகளையும் சரியாகப் பிடித்தால் வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வீதம் குறையும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் தூரம் உள்ள வண்டியில், அப்போது முன் சக்கரத்தின் மேல் விழும் எடை 153 கிலோ. பின் சக்கரத்தில் மிஞ்சுவது வெறும் 27 கிலோ. டயரின் பிடிமானம் அதன் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. பிரேக்கை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் 27 கிலோவைச் சுமக்கும் டயர் தரக்கூடியது சொற்பம்தான். அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தபடி சறுக்கும்.

இதைத் தூரமாக மாற்றிப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்குகளையும் பிடித்தால் வண்டி நிற்க 20 மீட்டர் போதும். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அதே வண்டிக்கு 50 மீட்டர் வேண்டும்.

எஞ்சினை விட வலிய பிரேக்

ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது இவையெல்லாம் தலைகீழாக நடக்கின்றன. எடை பின் சக்கரத்துக்குப் போகிறது, முன் சக்கரம் இலேசாகிறது. சக்தி மிகுந்த பைக்குகளில் முன் சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு இதுவே காரணம். 100 சிசி பைக்கில் அந்த அளவுக்கு வலு இல்லை. அதன் எஞ்சின் தருவது சுமார் 8 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு எட்டு நொடியாவது பிடிக்கும். அதே வேகத்திலிருந்து நிற்கவோ இரண்டரை நொடி போதும்.

அப்படியானால் பிரேக் எவ்வளவு வேலை செய்கிறது? பிடித்த முதல் கணத்தில் அது உறிஞ்சும் சக்தி சுமார் 28 குதிரைத்திறன், எஞ்சினின் உச்சத் திறனைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியும் ஆளும் சுமந்து செல்லும் ஆற்றல் 25 கிலோஜூல். ஒரு சிறிய டீ கிளாஸ் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அந்த ஆற்றலில் பெரும்பகுதி கைப்பிடிக்குள் அடங்கும் பிரேக் பேடுகளிலும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் வெப்பமாக மாறுகிறது.

கை பிறப்பிக்கும் பிடிமானம்

முன் பிரேக் இவ்வளவு நல்லதென்றால் அதைப் பிடித்துப் பலர் விழுவது ஏன்? விடை அந்த முதல் அரை நொடியில் இருக்கிறது.

எடை முன்னால் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். ஃபோர்க் அமுங்க வேண்டும், டயர் தரையில் பரந்து பதிய வேண்டும். லீவரை வெடுக்கென்று முழுதாகப் பிடிக்கிற கணத்தில் முன் டயரின் மேல் இன்னும் 90 கிலோதான் இருக்கிறது. அந்த நிலையில் அதனால் 72 கிலோ எடைக்குச் சமமான விசையைத்தான் தர முடியும். பிரேக் கேட்பதோ 100 கிலோவுக்கு மேல். கேட்டதைத் தர முடியாத டயர் பூட்டிக்கொள்கிறது. ஓடும் பைக் நிமிர்ந்து நிற்பது, வண்டி சாயும் பக்கம் முன் சக்கரம் நுட்பமாகத் திரும்பி அதைத் தாங்கிக்கொண்டே இருப்பதால்தான். பூட்டிய சக்கரத்தால் அப்படித் தாங்க முடியாது. ஒரு நொடிக்குள் வண்டி கீழே கிடக்கும்.

அதே லீவரை முதலில் மெல்லத் தொட்டு, ஃபோர்க் அமுங்குவதைக் கை உணர்ந்ததும் இறுக்கிக்கொண்டே போனால், டயரின் மேல் 153 கிலோ வந்து சேர்ந்திருக்கும். இப்போது அதனால் 120 கிலோவுக்குச் சமமான விசையைத் தர முடியும். சாலை அதேதான், டயரும் அதேதான். கூடியிருக்கும் பிடிமானம் அரை நொடிக்கு முன்பு அங்கே இருந்ததில்லை. பிரேக் பிடித்த கைதான் அதைப் பிறப்பித்தது. இரு சக்கர வாகன இயற்பியலில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இதுதான்.

சைக்கிளைப் பற்றிய எச்சரிக்கையும் பொய்யில்லை. சைக்கிளில் உட்காரும்போது எடையின் மையம் ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் தூரம். அதனால் டயர் வழுக்கும் முன்பே பின் சக்கரம் எழும்பிவிடும். பைக் அதைவிடத் தாழ்வானது, நீளமானது. சாதாரண டயர் போட்ட பைக் தலைகுப்புறக் கவிழும் கட்டத்தை எட்டும் முன்பே பெரும்பாலும் டயர் வழுக்கத் தொடங்கிவிடும். சைக்கிளுக்குப் பொருந்திய பாடத்தை நாம் பைக்கிலும் சுமந்துகொண்டு திரிகிறோம்.

மழைக்காலத்தில் கணக்கு சற்று மாறும். ஈரச் சாலையில் வேகத்தை மெதுவாகத்தான் குறைக்க முடியும் என்பதால் முன்னால் போகும் எடையும் குறைவு. பின் பிரேக்கின் பங்கு அப்போது கூடுகிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து வந்தாலும் அப்படித்தான்.

இரண்டு நொடிக்குள்

அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரை ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

அந்த இரண்டு நொடியில் ஒன்று, கண் கண்டதைக் கை உணர்ந்து செயல்படவே போய்விடும். மிஞ்சும் ஒரு நொடியில் பின் பிரேக் மட்டும் மிதித்தால் 60 என்ற வேகம் 50 ஆகும். இரண்டையும் பிடித்தால் 35 ஆகும். மோதல் தவிர்க்க முடியாததாகவே இருந்தாலும், உடம்பு தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டாவது நிலையில் முதலாவதில் பாதிதான்.

வேகமும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. 50 கிலோமீட்டரில் போகிறவர் ஆபத்தைக் கண்டது முதல் நிற்பது வரை 28 மீட்டர் கடக்கிறார். 60இல் போகிறவர் அதே 28ஆவது மீட்டரை அடையும்போது இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். பத்துக் கிலோமீட்டர் வித்தியாசம் நாற்பதாக வளர்ந்து நிற்கிறது.

சிக்னலுக்குச் சிக்னல் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 500 மீட்டர் தூரத்தை 45க்குப் பதில் 60இல் கடந்தால் மிச்சமாவது பத்து நொடி. அதையும் அடுத்த சிவப்பு விளக்கு தின்றுவிடும். மேலும், உருவில் சிறிய வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி வருவதாகவே மனிதக் கண் கணிக்கிறது. குறுக்கே திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர், சீறி வரும் பைக் தன்னை எட்ட நேரம் இருக்கிறது என்று நம்பித்தான் திருப்புகிறார்.

கருவி செய்யும் உதவி

பூட்டிக்கொள்ளும் சக்கரத்துக்கு மருந்து ஏபிஎஸ். 1988இல் பிஎம்டபிள்யூ அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தது. சக்கரத்தோடு சுழலும் ஒரு பல் வளையத்தைச் சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது லீவர் விரலுக்கடியில் அதிரும். பயந்து கையை எடுக்காமல் பிடித்தபடியே இருக்க வேண்டும். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய இரு சக்கர வாகனங்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு, பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று விதி வகுத்தார்கள். முன் பிரேக்குக்குப் பயப்படுகிறவரையும் அது கொஞ்சம் காப்பாற்றுகிறது. ஆனால் லீவரை மெல்லத் தொட்டு இறுக்கும் கையின் வேலையை அது முழுதாகச் செய்துவிடாது.

லைசென்ஸுக்காக ஆர்டிஓ அலுவலகத்தில் '8' போடப் பழகுகிறோம். அவசரத்தில் நிறுத்தப் பழகுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத, மணல் இல்லாத, நல்ல தளத்துக்கு வண்டியை எடுத்துப் போங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, முன் லீவரைத் தொட்டு, பொறுத்து, இறுக்கி நிறுத்திப் பாருங்கள். பழகிய பின் 30, அப்புறம் 40. உங்கள் பிள்ளைக்கு வண்டிச் சாவியைத் தருவதற்கு முன் இதையும் சொல்லிக்கொடுங்கள்.