கோட்டுக்கு வெளியே ஒரு களைப்பு
வீரர்களின் சோர்வை அளக்கக் கருவி இருக்கிறது. பயிற்சியாளரின் சோர்வு ராஜினாமாவில்தான் தெரியவருகிறது.

2021 ஆகஸ்ட் 6, டோக்கியோ. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்ற இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி மைதானத்திலேயே அழுதது. முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்று, பிறகு ஆஸ்திரேலியாவையே வீழ்த்தி, ஒலிம்பிக்கில் முதல் முறையாக அரையிறுதி வரை வந்த அணி அது. பதக்கம் நழுவினாலும் பயிற்சியாளர் சோர்ட் மரைனுக்குப் பாராட்டு குவிந்தது. அவரோ அதுவே தமது கடைசி ஆட்டம் என்று அறிவித்தார். நெதர்லாந்தில் இருக்கும் குடும்பத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

அது திடீர் முடிவல்ல. 2020 ஊரடங்கின்போது அணி பெங்களூர் பயிற்சி மையத்தில் முடங்கியது. மரைனும் அங்கேயே தங்கினார். வீடு பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதற்கு முன்பே அவர் பந்தாடப்பட்டிருந்தார். 2017 தொடக்கத்தில் பெண்கள் அணி, அதே செப்டம்பரில் ஆண்கள் அணி, 2018 காமன்வெல்த் போட்டியில் பதக்கம் கிடைக்காததும் மறுபடி பெண்கள் அணி.

இந்திய ஹாக்கியில் இந்த நாற்காலி எப்போதும் சூடானதுதான். 2013 அக்டோபருக்கும் 2023 ஜனவரிக்கும் இடையே ஆண்கள் அணிக்கு ஆறு பயிற்சியாளர்கள்: டெரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட். வான் ஆஸ் ஓர் ஆண்டுகூட நீடிக்கவில்லை. 2018 உலகக் கோப்பையில் கால் இறுதியோடு அணி வெளியேற, அடுத்த மாதமே ஹரேந்திர சிங்குக்குப் பதவி போயிற்று. டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு பதக்கம் வாங்கித் தந்தவர் ரீட். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் தோற்றதும் அவரும் விலகினார்.

பயிற்சியாளரின் சங்கடம் இங்கேதான். அணித் தேர்விலும் போட்டி அட்டவணையிலும் பலர் கை வைப்பார்கள். தோல்வி மட்டும் அவர் பெயரில் எழுதப்படும். கோல் விழும்போது அவரால் ஓட முடியாது, அடிக்க முடியாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம், அவ்வளவுதான். வீரர்கள் முன்னால் பதற்றத்தைக் காட்டவும் கூடாது.

இப்படித் தீராமல் தொடரும் வேலை அழுத்தத்தின் முடிவுக்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019ல் அதை நோயாக அல்ல, வேலையோடு தொடர்புடைய நிலையாக வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலை மீது வெறுப்பு, செய்வதில் பலனில்லை என்ற எண்ணம்.

ஐரோப்பியக் கால்பந்தில் இதை வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 2011ல் ஜெர்மனியின் ஷால்கே அணியை விட்டு ரால்ஃப் ராங்னிக் உடலும் மனமும் ஓய்ந்துவிட்டதாகச் சொல்லி விலகினார். சில மாதங்கள் ஓய்வெடுத்து, 2012ல் வேறு பொறுப்பில் திரும்பி வந்தார். லிவர்பூலுக்குக் கோப்பைகள் குவித்த யூர்கன் க்ளாப், சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஜனவரியில் அறிவித்து, சீசன் முடிந்ததும் வெளியேறினார். இருவரையும் யாரும் கோழை என்று சொல்லவில்லை.

இந்தியாவிலும் உதாரணம் இல்லாமலில்லை. 2011ல் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற கையோடு கேரி கர்ஸ்டன் குடும்பத்துக்காக ஊர் திரும்பினார். ஆனால் ஜெயித்தவர் விலகினால் அது கௌரவம். தோற்றவர் களைப்பு என்று சொன்னால் அது சாக்கு. அதனால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை.

மருந்து பெரிய ரகசியமல்ல. ஒரு தோல்வியோடு முடிந்துவிடாத ஒப்பந்தம், வீட்டுக்குப் போக நிச்சயமான விடுமுறை, பொறுப்புக்கு ஏற்ற அதிகாரம், மனம்விட்டுப் பேச நிர்வாகத்துக்கு வெளியே ஓர் ஆள். ஹாக்கி வீரர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்பதை உடையில் பொருத்திய கருவி சொல்லிவிடுகிறது. 2023ல் ஆண்கள் அணிக்கு மனநலப் பயிற்சியாளராக பேடி அப்டனும் வந்தார். கோட்டுக்கு வெளியே நிற்பவர் எப்படியிருக்கிறார் என்று விசாரிப்பதற்கு அவ்வளவு செலவுகூட ஆகாது.