பிரிட்ஜ் ஆட்டத்தில் "இரண்டு" என்னும் வேலி

காண்டிராக்ட் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் எண்ணிக்கை முறையை 1925-ஆம் ஆண்டில் ஒழுங்குசெய்தவர் அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட் என்பவர். அவ்வாட்டம் பயில்வோரை அடிக்கடி இடர்ப்படுத்தும் ஒரு நிலையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என மதிப்பிடின், ஒரு கட்டில் உள்ளவை 40 புள்ளிகளாம். ஓரினத்தில் ஆறு சீட்டும், 6 முதல் 10 வரை புள்ளியும் உடையான் ஒருவன் முதற்கண்ணே "இரண்டு ஹார்ட்" எனக் கேட்பதுண்டு. எட்டுப் பிடி எடுப்பேன் என்பது அதன் சொற்பொருள். எதிரிகள் தம்முட் கருத்தறியும் வழியை அடைப்பதே அதன் உட்கருத்து. வழி அடைபடின் நட்டம் பெரிது. நான்கு ஸ்பேட் கேட்டுப் பத்துப் பிடி எடுப்பார்க்கு, டூப்ளிகேட் முறையில், குறைந்தது 420 கிடைக்கும். இரண்டு மட்டும் கேட்டு அப்பத்தையே எடுப்பார்க்கு 170 தான்.

இதற்கு அஞ்சி வாளாவிருத்தலும் தகாது. கண்மூடிப் பாய்தலும் தகாது. நம் கையில் ஸ்பேட் ராஜா, ஜாக்கி, 7, 3, ஹார்ட் 6, டைமண்ட் ஏஸ், ராணி, 8, 4, கிளாவர் ராஜா, ஜாக்கி, 5, 2 உள்ளன எனக் கொள்வோம். புள்ளி 14. கேட்டவனுக்கு 8 என வைப்பின், எஞ்சிய 18-இற் பாதி நம் கூட்டாளியிடம் இருத்தல் கூடும். ஆதலின் "டபிள்" என்றலே முறை. பிற மூன்று இனங்களுள் உனக்கு நீண்டதைக் கூறுக என்று கூட்டாளியை வேண்டுதலே அதன் பொருளாம்.

"துருப்பின்றி இரண்டு" எனக் கேட்க ஏறக்குறைய 15 முதல் 18 வரை புள்ளியும், ஹார்ட்டைத் தடுக்கும் சீட்டும் வேண்டும். ஓரினம் நீண்டு வலிமையுற்றிருப்பின், தக்க புள்ளியும் உளதாயின், அதனையே கேட்கலாம். நமக்கும் ஹார்ட்டே மிக்கிருப்பின் "பாஸ்" எனப் பொறுத்திருத்தல் நன்று; ஹார்ட் குறைந்த கூட்டாளி பின்னர் டபிள் கூறவுங் கூடும்.

டபிளுக்கு விடையாகக் கூட்டாளி "மூன்று டைமண்ட்" என்பானாயின், கையில் ஒன்றுமின்றிக் கூறினானோ, 9 புள்ளி கொண்டு கூறினானோ என ஐயம் எழும். அதனை நீக்குவது லெபென்சோல் என்னும் ஏற்பாடு. 8 புள்ளிக்குக் குறைந்தவன் "துருப்பின்றி இரண்டு" என்பான். டபிள் கூறியவன் பெரும்பாலும் "மூன்று கிளாவர்" என்பான். முன்னவன் அங்கே நிற்பான், அன்றி "மூன்று டைமண்ட்" எனத் திருத்துவான். நேரே மூன்றாம் படியிற் கூறின் 8 முதல் 11 வரை உளவென்று கொள்க. ஸ்பேட் உடையானுக்கோ இரண்டாம் படியிலேயே இடமுண்டு.

இவ்வேற்பாட்டை இருவரும் ஆட்டத்திற்கு முன்னரே பேசி உடன்படல் வேண்டும். எதிரிகள் வினவின் மறையாது உரைத்தலும் வேண்டும். கூட்டாளிகட்கு மட்டும் தெரிந்த மறைகுறியை ஆட்டவிதி ஒப்பாது. தெளிந்த உடன்பாடு உடையார்க்கு "இரண்டு" என்னும் வேலி பெருந்தடையாகாது.