பிரஜாவுரிமையும் அளவுகோலும்

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் வருடக் கணக்குக் கேட்டது. மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் 1946 ஜனவரி 1க்கு முன்னர் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஹட்டன் பக்கத்து லயமொன்றில் வாழ்ந்த குடும்பஸ்தர், மற்ற நிபந்தனைகள் பொருந்தியும் ஒரு மாதம் குறைந்தால் வெளியாள். அந்த ஒரு மாதம் அவரை எந்த விதத்தில் வேறு மனிதராக்கும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு பொருள் ஒரு தொகுதிக்குள் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது என்பது இந்தச் சட்டம் நம்பிய பழைய தருக்கம். 1965இல் அறிஞர் லொத்ஃபி ஸாதே இதைத் தளர்த்தினார். சேர்ந்திருப்பதற்கும் அளவு உண்டு, 0க்கும் 1க்கும் இடையே அது எங்கும் நிற்கலாம் என்றார். ஃபஸி லாஜிக் அங்கே பிறந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் பரப்பிய கொழுந்து ஒரே நொடியில் வாடுவதில்லை. எந்த அளவு வாடியிருக்கிறது என்றுதான் டீமேக்கர் கையில் எடுத்துப் பார்க்கிறார். நாட்டோடு ஒருவருக்குள்ள பிணைப்பும் பிறப்பு, உழைப்பு, உறவு எனப் பலவற்றால் மெல்லக் கூடுவது. நுவரெலியாவில் வேரூன்றியவருக்குத் திருச்சிப் பக்கம் சொந்தமும் இருக்கலாம். ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ இம்மக்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. இது நடுநிலை போலத் தெரியும். ஆனால் பாதியானது கூட்டம். ஒவ்வொரு மனிதரும் முழுதாக இங்கே அல்லது முழுதாக அங்கே என்றே எண்ணப்பட்டார்.

அளவு பார்த்தால் அரைப் பிரஜைகள் உருவாக மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலை ஓட்டிய ஃபஸி கருவியும் அளவுகளைச் சீர்தூக்கிய பின் பிரேக்குக்குத் திட்டமான ஒரே கட்டளையைத்தான் கொடுத்தது. அளவு என்பது ஆராய்வதற்கு மட்டுமே; உரிமை முழுமையாகவே கிடைக்க வேண்டும். எங்காவது கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும் என்பதும் உண்மை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 என்ற கோட்டைக் கிழித்தது. ஆனால் அன்று முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரோடு அவர்களின் சந்ததியையும் உள்ளே எடுத்தது. 1949, 2003 சட்டங்களின் கோடுகள் இரண்டும் கூர்மையானவையே. முந்தையது சந்தேகத்தின் சுமையைத் தொழிலாளி மேல் ஏற்றியது, பிந்தையது பெருமளவு இறக்கியது. எனவே கோடு கிழிப்பவரிடம் நாம் கேட்க வேண்டியது, அதன் விளிம்பில் நிற்பவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்பதையே.