குச்சியில் கறை தெரிய வேண்டும்

மெதிசிலின் மருந்து புழக்கத்துக்கு வந்த சூட்டோடு சூடாக, 1961-இல், அதற்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளைப் பற்றி பிரிட்டனில் பாட்ரீசியா ஜெவன்ஸ் எழுதினார். 5,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் அகப்பட்டவை மூன்றே மூன்று. இன்று எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) என்ற பெயரில் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளை அலைக்கழிப்பது அந்த இனம்தான்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மூக்கில் சும்மா குடியிருக்கும். தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை. அது மருந்துக்கு மசியாத வகையாக இருந்து, அறுவைக்கத்தி தோலைத் திறக்கும்போதுதான் வினை. அதனால் இங்கிலாந்தில் 2009 முதல், திட்டமிட்ட சிகிச்சைக்கு வருவோரிடம் முன்கூட்டியே ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால் மாதிரி, எடுக்கச் சொன்னார்கள்.

பஞ்சுக்குச்சியை மூக்கில் விட்டு எடுப்பதற்கு நர்ஸுக்குப் பயிற்சி எதற்கு என்று தோன்றும். கொரோனாக் காலத்தில் குச்சி தொண்டைக்கு அருகே வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் ஆழமாக விட்டால் இங்கே தவறிவிடும். இந்தக் கிருமி இருப்பது மூக்கின் முன்பகுதியில், முடி முளைத்த தோலில். உலர்ந்த மூக்கென்றால் குச்சியைக் கிருமிநீக்கிய உப்புநீரில் நனைத்து, உட்சுவரில் அழுத்தியபடி சில சுற்று சுழற்ற வேண்டும். அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும். தொண்டையிலும் தொடையிடுக்கிலும் எடுத்தால், மூக்கு மட்டும் சொல்லாததும் தெரியவரும்.

கார்பபெனம் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகளையே உடைத்துப்போடும் குடல் கிருமிகளுக்கு மூக்கு உதவாது. மலக்குடல் ஸ்வாப் தேவை. அவை அப்படி உடைக்கப் பயன்படுத்தும் நொதிகளில் ஒன்றான என்.டி.எம்.-1 பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் கிடைத்த கிருமி மாதிரிகள் 44.

மலக்குடல் ஸ்வாபுக்கு விதி எளிது: குச்சியில் மலக்கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளையாகவே திரும்பினால் அது செல்லாது. ஆனால் கூச்சம் இரு பக்கமும் உண்டு. நோயாளி நெளிவார், நர்ஸும் அவசர அவசரமாக முடித்துவிடுவார். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, திரையை இழுத்துவிட்டு, சம்மதம் கேட்கக் கற்பதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பாதி என்பேன். ஆய்வகம் எவ்வளவு நவீனமானாலும், குச்சியில் வராத கிருமியை அது வளர்த்துக்காட்ட முடியாது. 'இல்லை' என்று அறிக்கை வரும், எல்லோரும் நம்புவார்கள்.

உங்களிடம் ஸ்வாப் எடுக்க வந்தால், சாப்பிடும் ஆன்டிபயாடிக், மூக்கில் தடவும் களிம்பு எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவை இருக்கும் கிருமியையும் இல்லாததுபோல் காட்டிவிடும்.