ஏல, மைக்க ஆஃப் பண்ணு!

உஷ்! செருப்பை வாசலில் விட்டுவிட்டு மெல்ல உள்ளே வாருங்கள். மணி ஒன்பது இருபத்தைந்து. இன்னும் ஐந்தே நிமிடத்தில் இரண்டாமாண்டு பி.காம். வகுப்பு தொடங்கப் போகிறது. இடம், புளியங்குடியில் எங்கள் வீட்டு அடுப்படி. சிரிக்காதீர்கள், சிக்னல் அங்கேதான் வரும். அதுவும் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒன்றரை அடி இடத்தில் மட்டும். 2020 ஆகஸ்டில் ஒரு கல்லூரியின் வணிகவியல் துறை அந்த ஒன்றரை அடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

கணக்குப் பாடத்தை வாயால் நடத்த முடியாது. நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் டெபிட், அந்தப் பக்கம் கிரெடிட் என்று எழுதிக் காட்டினால்தான் மண்டையில் ஏறும். அப்படியென்றால் நோட்டு கீழே கிடக்க வேண்டும், கேமரா மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். போனை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? யோசித்து யோசித்து, ஃபிரிட்ஜைத் திறந்து மோர் எடுக்கும்போது பளிச்சென்று கண்ணில் பட்டது, உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டு! இரண்டு பக்கமும் பருப்பு டப்பா, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் போன், அடியில் நோட்டு. ஸ்டுடியோ ரெடி! இந்த யோசனை நாடு முழுக்க எத்தனையோ டீச்சர்களுக்கு வந்திருக்கிறது. படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றோ சுற்றென்று சுற்றின. ஆனால் எலுமிச்சை நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் ஃபிரிட்ஜ் தட்டு காலியாகவா இருக்கும்? தட்டை உருவினால் பழங்கள் உருண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடும். தினமும் வகுப்புக்கு முந்தைய வேலை, முட்டி போட்டுப் பழம் பொறுக்குவது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் என் கையும் பேனாவும்தான்.

சரி, மணி ஒன்பதரை. “கேக்குதா?”

இந்த ஒரு சொல்லை அந்த வருஷம் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கெடுத்தால் கின்னஸில் இடம் கிடைக்கும். கேக்குது மேம். கேக்கல மேம். பிரேக் ஆகுது மேம். நெட்டு சுத்துது மேம். திரையில் வட்ட வட்டமாக எழுத்துகள். அட்டெண்டன்ஸ் எடுப்பதற்குள் தலை கிறுகிறுக்கும், ஏனென்றால் பாதிப் பேர் அப்பா போனில் அப்பா பேரில் வந்திருப்பார்கள். ஒரு ஹார்டுவேர் கடை ஒருநாள் விடாமல் என் வகுப்புக்கு வந்தது. அது யாரென்று தெரியவே ஒரு வாரம் ஆனது. தங்கள் படத்துக்குப் பதிலாக விஜய்யை வைத்தவர்கள் ஐந்து பேர். “விஜய், எழுந்து பதில் சொல்லுங்க” என்றால் ஐந்து மைக்கும் ஒன்றாகத் திறக்கும்.

இப்போது அந்த வட்டங்களுக்குப் பின்னாலும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா? ஒருத்தி தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், குடை பிடித்து நிற்கிறாள். ஒருத்தி மடியில் பீடித் தட்டு. காதில் பாடம், விரலில் இலை. இந்தப் பக்கம் பெண்களுக்குக் கைக்காசு தரும் தொழில் அது. வகுப்பு நடக்கிறது என்பதற்காகக் கட்டுக் கணக்கு நிற்காது. ஒருவன் விசைத்தறிக் கூடத்தின் வெளித் திண்ணையில். அவன் மைக்கைத் திறந்தால் சங்கரன்கோவில் முழுக்க ஓடும் தறிச் சத்தம் என் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொருவன் எலுமிச்சை மார்க்கெட்டில். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும். பேலன்ஸ் ஷீட் போட்டு முடித்தாயிற்று. “டோட்டல் எவ்வளவு வருது? யாராவது சொல்லுங்க” என்று கேட்டேன். வழக்கம்போல மயான அமைதி. திடீரென்று ஒரு மைக் திறந்தது. “ஆயிரத்து நூறு!” என்றது ஒரு கனத்த குரல். அடடா, பதில் சொல்ல ஒரு ஜீவன் இருக்கிறதே என்று பூரித்து, “இல்லப்பா, இன்னும் கொஞ்சம் கூட வரும்” என்றேன். “ஆயிரத்து நூத்தம்பது!” என்றது குரல். “இன்னும்” என்றேன் நான். “ஆயிரத்து இருநூறு! இருநூறு ஒருதரம்!” என்று அது முழங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! பையன் பழத்தைப் பெரிசு, சிறிசு என்று தரம் பிரித்துக்கொண்டே காதில் வகுப்பு கேட்டிருக்கிறான். கை பட்டு மைக் திறந்துவிட்டது. அதற்குள் வகுப்பில் எவனோ, “ஏல, மைக்க ஆஃப் பண்ணு! மேம் மூட்டையே எடுத்துருவாங்க போலருக்கு” என்று கத்த, அறுபது வட்டங்களும் ஒன்றாக மின்னின. அன்றைக்குக் கிடைத்த சிரிப்புச் சத்தம் எங்கள் பழைய வகுப்பறையில்கூடக் கேட்டதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். கொரோனாவால் 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகளை மூடினார்கள். மாத முடிவில் திறப்போம் என்று பேச்சு. பிள்ளைகள் விடுதியில் பக்கெட்டையும் பாயையும் விட்டுவிட்டுப் போனார்கள். 25-ஆம் தேதி நாடே மூடியது. எங்கள் தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்த கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஏப்ரலில் வந்த காய்ச்சல் அதிகம் தெரிந்த இடம் எங்கள் புளியங்குடி. தெருமுனையில் தடுப்பு, வாசலில் பிளீச்சிங் பவுடர், அண்டாவில் கபசுரக் குடிநீர். சேத்தூர், தளவாய்புரம் பிள்ளைகள் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், ஆனால் விருதுநகர் மாவட்டம். செப்டம்பர் வரை இ-பாஸ் இல்லாமல் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது.

முதலில் ஜூமில்தான் ஆரம்பித்தோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் பட்டென்று அறுந்துவிடும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 38-ஆவது நிமிடத்தில் ஒரு சந்தேகம் கேட்பான் பாருங்கள், விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்த மாதிரி எல்லாரும் மறைந்துவிடுவார்கள்! பிறகு ஜூம் பாதுகாப்பில்லை என்று உள்துறை அமைச்சகம் ஏப்ரலிலேயே சொன்னது நினைவுக்கு வந்து ஜி-மீட்டுக்கு மாறினோம்.

ஆனால் இந்தத் திரை விளையாட்டெல்லாம் முன்பக்கம். உண்மையான பின்பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு டியூட்டர் உண்டு அல்லவா? என் டியூட்டர் நோட்டில் நாலு பத்தி போட்டிருந்தேன். பேர். போன் யாருடையது. நெட் உண்டா. நாலாவதுதான் முக்கியம்: போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும். ஆமாம், போன் வேலைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும்! அப்பாவோடு தோட்டத்துக்கு, அண்ணனோடு மில்லுக்கு. “ஏழரைக்கு வந்துரும் மேம்” என்பாள் ஒருத்தி. “எட்டு மணிக்கு வரும், ஆனா சார்ஜ் இருக்காது.” ஆகவே காலை வகுப்பு முடிந்தபின், சாயங்காலம் ஒரு திருட்டுக் கல்லூரி நடக்கும். பாடத்தை ஐந்தைந்து நிமிட வாய்ஸ் நோட்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவேன். இரவு பத்தரைக்கு டிங் டிங்கென்று பதில் வரும். “மேம், குட்வில்னா நல்ல மனசா?” என்று ஒருத்தி பதினோரு மணிக்குக் கேட்டாள். இல்லை என்று சொல்ல மனசே வரவில்லை.

வாட்ஸ்அப்பும் எட்டாத பிள்ளைகளுக்கு? இதைத்தான் காட்டத் துடித்துக்கொண்டிருந்தேன்! விடியக் காலையில் சுற்று வட்டார ஊர்களிலிருந்து பழம் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும் குட்டியானைகள் வெறும் வண்டியாகத்தானே திரும்பும்? ஏலக்காரப் பையன் தந்த யோசனை. ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸைப் பையில் போட்டு, ஊர் பேர் எழுதி, டிரைவர் அண்ணன் கையில் கொடுத்தால் போதும். அந்தந்த ஊர்ப் பலசரக்குக் கடையில் இறக்கிவிடுவார். கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். “டீச்சரம்மா, சிந்தாமணிக்கு ரெண்டு கட்டு, சரிதானா?” எங்கள் நூலகம் அப்போது டீசலில் ஓடியது.

எல்லாரும் அகப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மூன்று பேரின் நாலாவது பத்தி காலியாகவே கிடந்தது. ஒருவன் திருப்பூர் போய்விட்டான். ஒருத்திக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். அவள் அப்பாவிடம் போனில் மன்றாடி, படிப்பு முடியட்டும் என்று சம்மதம் வாங்கினேன்; அது ஒன்றுதான் வெற்றி. அதே கையால்தான் கட்டணம் கட்டச் சொல்லியும் போன் செய்ய வேண்டியிருந்தது, கல்லூரி உத்தரவு. எங்கள் சம்பளம் பாதியாகிவிட்ட மாதங்கள் அவை. அந்த போன்களை மட்டும் நான் ஒன்றரை அடி இடத்தில் நின்று பேசவில்லை. சிக்னல் போய்விட்டால் நல்லது என்று தார்சாவில் நின்று பேசினேன்.

அடுத்து, தேர்வு! ஆகஸ்ட் 26-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் பழனிசாமி ஒரு குண்டு போட்டார்: கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லாரும் பாஸ், கடைசி செமஸ்டர் மட்டும் நீங்கலாக. ஐயோ, அந்த ராத்திரி! போனில் எனக்கு வந்த பட்டாசு எமோஜியை அள்ளியிருந்தால் சிவகாசியில் கடை வைத்திருக்கலாம். ஊரெல்லாம் நன்றி போஸ்டர். ஆறு அரியர் வைத்திருந்த ஒருவன் எனக்கு இனிப்பு வாங்கி வந்து வாசல்படியில் வைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று கும்பிட்டான். பிறகு அது நீதிமன்றம் ஏறியது தனிக் கதை. அறிவிப்பு வந்த இரண்டே நாளில், கடைசி வருஷக்காரர்கள் தேர்வு எழுதாமல் பட்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செப்டம்பரில் வீட்டிலிருந்தே தேர்வு.

வீட்டிலிருந்து என்றால்? கலை அறிவியல் பிள்ளைகளுக்கு வினாத்தாள் போனில் வரும். ஏ4 தாளில் எழுதி, படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். நெட் இல்லாதவர் தபாலில் அனுப்பலாம். இங்கேதான் விதி விளையாடியது. பிடிஎஃப் ஆக்க எல்லாரும் பழகி வைத்திருந்தது கேம்ஸ்கேனர். ஜூன் 29-இல் தடை செய்த 59 சீன ஆப்களில் அதுவும் ஒன்று! வீடியோ பரிமாற வைத்திருந்த ஷேர்இட்டும் அதோடு போயிற்று. புது ஆப்பைப் பழக்க நான் நடத்திய வகுப்புக்கு வந்த கூட்டம் கம்பெனி அக்கவுண்ட்ஸுக்குக் கூட வந்ததில்லை. நடுவில் செப்டம்பர் 2-இல் பப்ஜியும் தடை. தேர்வுக்குப் படிக்க மத்திய அரசே ஏற்பாடு செய்துவிட்டது என்று ஒரு தாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

எதிர்வீட்டு அக்கா மகன் இன்ஜினியரிங். அண்ணா பல்கலைக்கழகம் அவனுக்கு வைத்தது வேறு விதம். ஒரு மணி நேரம், சரியான விடையை மட்டும் தட்ட வேண்டும், ஆனால் கேமரா வழியே கம்ப்யூட்டர் கண்காணிக்கும். தலையைத் திருப்பினால் எச்சரிக்கை! தெருவுக்கே உத்தரவு போட்டார் அக்கா: குக்கர் விசில் கூடாது, தயிர்க்காரர் கூவக் கூடாது, கோழியைக் கூடையால் மூடு. அந்த ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் ஊரடங்கின் முதல் நாளை விடப் பெரிய அமைதி. பையன் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை: “கழுத்து பிடிச்சுக்கிட்டு.”

தபாலில் வீட்டிலிருந்து படிப்பது எங்களுக்குப் புதிது ஒன்றும் இல்லை. நெல்லைச் சீமை மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த காலத்தில், 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வி வந்துவிட்டது. என் அம்மா அப்படித்தான் பி.ஏ. முடித்தார். அவருக்குப் பாடம் வந்த பழுப்புக் கவர்களை இன்றும் பரணில் வைத்திருக்கிறார். “உங்க ஆன்லைன்ல மட்டும் என்னட்டி புதுசு, கூப்பிட்டா பதில் வராது, அதானே?” என்றார் ஒருநாள், அடுப்படியில் இடம் கிடைக்காத கோபத்தில்.

அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா தருவதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. 9,69,047 மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை. நல்ல காரியம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு சிம் கையில் கிடைத்த ஜோருக்கு, பிப்ரவரி 8-இல் கல்லூரியும் திறந்துவிட்டது!

போகும் முன் தட்டட்டிக்கு ஒரு நிமிடம் வாருங்கள். 2020 அக்டோபர், இரண்டாமாண்டுக்கு முதல் இன்டர்னல். போனில் ஏற்ற முடியாதவர்களின் விடைத்தாள் குட்டியானையில் வந்து இறங்கியது. அன்றைக்குக் காகிதத்தைத் தொட யாருக்குத் துணிச்சல்? வெயிலில் போட்டால் கிருமி செத்துவிடும் என்றார் அம்மா. மோர்மிளகாய் காயும் பாயில் பாதியை ஒதுக்கி, விடைத்தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு எலுமிச்சம்பழம் பாரம் வைத்தேன். மேற்கு மலைக் காற்று சும்மா இருக்குமா? பழம் உருண்டது, ஒரு தாள் எழும்பி அடுத்த வீட்டுத் தட்டட்டிக்குப் பறந்தது. ஏலக்காரப் பையனுடைய தாள்தான்!

அடுத்த வீட்டுச் சித்தி மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். தாளைக் கையில் பிடித்தபடி கைப்பிடிச் சுவருக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலிருந்து கீழே ஒருமுறை விரல் ஓட்டினார்.

“டீச்சர், இது உங்க புள்ள பேப்பரா? ரெண்டு பக்கமும் டேலி ஆகலியே. ஐம்பது ரூவா இடிக்குது.”