வராத குறுவையை எப்படிக் குறித்து வைப்பது?

ப்ராஜெக்ட் ஷெட்யூல் போடும் மென்பொருளில் ஒரு வேலையைச் சேர்ப்பது சுலபம். முடிந்தது என்று குறிப்பதும் சுலபம். "இதை இனிமே செய்யப் போறதில்லை" என்று பதிவதில்தான் சிக்கல். நம்மில் பலர் ஒன்று அந்த வரியை அழித்துவிடுகிறோம், இல்லை 100 சதவீதம் முடிந்தது என்று போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், பாதியில் விட்ட ஒரு மாட்யூல் தினமும் சிவப்பில் நிற்குதே என்று 100 போட்டு மூடினேன். அடுத்த வருஷம் அதே மாதிரி வேலைக்கு ஒருவர் என் பழைய கணக்கைப் பார்த்து நாள் குறித்தார். பாதி வேலைக்கான நாள்தான் அதில் இருந்தது. அந்த டீம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து முடிச்சாங்க.

இந்தச் சிக்கலை எங்க தஞ்சாவூர்ப் பக்கத்து வயலை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதை நம்பிக் குறுவை. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அறுத்த அதே வயலில் தாளடி. குறுவை போடாத வயலில் ஒரே போகமாகச் சம்பா. ஷெட்யூல் மொழியில் சொன்னால், அணை திறப்பு ஒரு மைல்ஸ்டோன். தாளடிக்கு முன்வேலை குறுவை அறுவடை.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். பம்புசெட் வைத்திருப்பவர்கள் சமாளிப்பார்கள். ஆற்றுத் தண்ணியை மட்டும் நம்பியவர்களுக்குக் குறுவை கிடையாது.

இப்போது ஷெட்யூலில் குறுவையை என்ன செய்வது?

அழித்தால், முன்வேலை இல்லாத தாளடியை மென்பொருள் ஜூனுக்கே இழுத்துவிடும். 100 போட்டால், விளையாத நெல்லை அறுத்ததாகக் கணக்கு. அப்படியே தள்ளிப்போட்டால், அறுவடை ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டும். விவசாயி செய்வது இது மூன்றும் இல்லை. குறுவையையும் அதன் பின்னால் வரும் தாளடியையும் சேர்த்தே விட்டுவிட்டு, சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் பண்ணுவார். ஒரு வேலையைக் கைவிட்டால் அதைத் தொங்கிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கும் அப்போதே முடிவு சொல்லியாக வேண்டும்.

வி.ஏ.ஓ.வின் அடங்கலும் இதைச் சரியாகவே செய்கிறது. சாகுபடி இல்லாத சர்வே எண்ணை யாரும் அழிப்பதில்லை. தரிசு என்று எழுதுவார்கள். அதில் காசும் இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள் மூன்று நிலைகளைப் பிரிக்கின்றன. விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரை தந்து பாலிசியை முடித்துவிடுவார்கள். வளரும்போது பெரிய பாதிப்பு வந்தால் இடைக்கால நிவாரணம். அறுவடைக்குப் பிறகு என்றால் மகசூல் கணக்கு. தொடங்காதது, நடுவில் நின்றது, முடிந்தது, மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒன்றாக எழுதினால் யாரோ ஒருவருக்குப் பணம் போகும்.

மென்பொருளில் இதைச் செய்யும் வழி:

1. தொடங்காத வேலை: மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டின் ப்ரொஃபஷனல் பதிப்பில் 2010 முதல் 'இன்ஆக்டிவேட்' வசதி உண்டு. வரி அடித்த கோலத்தில் நிற்கும், ஆள் கணக்கில் சேராது. இதுதான் நம்ம தரிசு.

2. பாதியில் நின்ற வேலை: செய்த அளவை அப்படியே விட்டு, மீதி வேலையைப் பூஜ்யமாக்குங்கள். மென்பொருள் தானாகவே 100 என்று காட்டும். அதனால் தனிக் காலம் ஒன்றில் 'கைவிடப்பட்டது' என்று எழுதுவது கட்டாயம். நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

3. முன்னும் பின்னும் உள்ள இணைப்பு: ப்ரைமவேராவில் 'டிஸ்ஸால்வ்' கொடுத்தால் வேலை போய்விடும், முன்வேலையும் பின்வேலையும் நேராக இணைந்துவிடும். வசதிதான், ஆனால் தடயம் இருக்காது. குறிப்பு எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

4. தேதி, காரணம், முடிவெடுத்தவர், அதற்குப் பதிலாக வந்த வேலை. இந்த நாலும் ஒரே வரியில் போதும்.

அடுத்த வருஷமும் ஜூன் 12 வரும். அன்றைக்கு நாள் குறிப்பவர் நம்பிப் பார்ப்பது இந்த வருஷத்துக் கணக்கைத்தான்.