இருமினால் கசிகிறதா? மறைக்காதீர்கள்!

குன்னூர், கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து என்னிடம் வரும் பெண்கள் இதை நேராகச் சொல்வதே இல்லை. 'இடுப்பு வலி' என்பார்கள், 'சளி விடலை' என்பார்கள். நாடி பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான், ''டாக்டரம்மா... இருமினா கொஞ்சம் ஒண்ணுக்கு வந்துடுது. சின்னவன் பொறந்ததுலேருந்தே இப்படித்தான்'' என்று குரல் இறங்கும். சின்னவனுக்கு என்ன வயசு என்றால், நாலு!

நாலு வருஷமாகத் துணி வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார். 'பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்றாராம் மாமியார். பலருக்கு வருவது நிஜம்தான். அதற்காக வைத்தியம் வேண்டாமா?

இடுப்பெலும்பின் அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்புவரை தொட்டில் துணி போலத் தசைகள் விரிந்திருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இவைதான். கர்ப்பத்தில் பாரம் மேலிருந்து அழுத்தும். சுகப்பிரசவத்தில் தசை வெகுவாக இழுபடும். வெகுநேரம் முக்கியவர்கள், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். சிசேரியன் ஆனவர்களுக்கும் வரலாம். மலம், மூத்திரம், பிரசவம் மூன்றும் அபான வாயுவின் வேலை என்று சித்த மருத்துவம் ஒரே கணக்கில் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

கசிவு மட்டுமல்ல. அடி தள்ளுகிற மாதிரி கனம், கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்படுவது, அது சாயங்காலம் கூடி படுத்தால் குறைவது, வாயுவை அடக்க முடியாமல் போவது, தாம்பத்தியத்தில் வலி... எல்லாம் இதன் அறிகுறிகளே.

நம் மலையில் இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. குளிருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, டீதான் இறங்கும். மலம் இறுகும், முக்க வேண்டியிருக்கும். விடாத இருமல் வேறு. போதாததற்கு, சரிவில் கொழுந்து மூட்டையைச் சுமந்து ஏறி இறங்குவது. 'பச்சை உடம்புக்குத் தண்ணி ஆகாது' என்று தாகத்தோடு போடும் பத்தியத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. வெந்நீராகவாவது தாராளமாகக் கொடுங்கள். வயிற்றை மூச்சு முட்டக் கட்டுவதும் வேண்டாம். அழுத்தம் கீழேதான் போகும்.

மருந்து? லேகியம் தின்றால் இறங்கிய கர்ப்பப்பை மேலேறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சித்த வைத்தியர் நானே சொல்கிறேன். கர்ப்பிணிகள் மலச்சிக்கலுக்கு நிலாவாகை, கடுக்காய் என்று தாமாகச் சாப்பிடவும் கூடாது. கீரை, பழம், தண்ணீர் போதும்.

முதல் வைத்தியம் பயிற்சிதான். 1948-ல் அமெரிக்க டாக்டர் அர்னால்ட் கெகல் எழுதி உலகம் முழுக்கப் பரவியது. நம் யோகத்தின் மூலபந்தத்துக்கு நெருங்கிய உறவு. மூத்திரத்தையும் வாயுவையும் ஒரே சமயத்தில் அடக்குவது போல உள்ளே இழுங்கள். 5 எண்ணும்வரை பிடித்து, 5 எண்ணும்வரை முழுசாகத் தளர்த்துங்கள். தடவைக்கு 10, தினம் மூன்று வேளை. மூச்சைப் பிடிக்காதீர்கள், வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூத்திரம் போகும்போது செய்து பழகாதீர்கள். கர்ப்பத்திலேயே ஆரம்பிக்கலாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

கர்ப்பத்தில் திடீரென்று நீர் வழிந்தாலோ, விடாமல் கசிந்தாலோ 'ஒண்ணுக்குதான்' என்று இருந்துவிடாதீர்கள். பனிக்குட நீராக இருக்கலாம். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மூத்திரமே போகாவிட்டாலும், மலம் கட்டுப்படாவிட்டாலும், காய்ச்சலோடு நாற்றமுள்ள கழிவு வந்தாலும் அப்படியே.

ஆறாவது வாரச் செக்கப்பில் குழந்தையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். கசிவு, கனம் இரண்டையும் மகப்பேறு டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இறக்கம் இருந்தால் உள்ளே தாங்கும் வளையம் வைக்கலாம். தேவையானால் ஆபரேஷனும் உண்டு. மாமியார் கூட வந்திருந்தால், அவரையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் இருக்கக்கூடும்.